கலங்களைப் படம்பிடித்து ஆராய்வது ஒரு தொழிலாகுமா?

ஆரையம்பதியிலிருந்து எழுதியிருக்கும் தந்தை கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: உயர்தர உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்ற மகளுக்கு மருத்துவ பீடத்துக்கான இசட் புள்ளி சிறிது குறைந்துவிட்டது, மீண்டும் பரீட்சை எழுதச் சொன்னால் மறுக்கிறார், கலங்களை நுணுக்குக்காட்டியில் படம்பிடித்து ஆராயும் விஞ்ஞானியாகப் போகிறேன் என்கிறார், அப்படி ஒரு தொழில் உண்டா, மட்டக்களப்பிலிருந்து அதற்கு வழி உண்டா, நாள் முழுவதும் படம் பார்ப்பதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது? இவற்றுள் மூன்றாவதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மகளை அனுப்புவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார். ஆகவே முதலில் அதற்கே நேரம் கொடுத்து எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிகுடியில் பிறந்து வளர்ந்தவன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன். பிறகு ஜேர்மனியில் கலங்களுக்குள் புரதங்கள் இடம்பெயரும் விதத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றேன். அதன்பின் சில ஆண்டுகள் அங்கேயே ஒரு பொது நுணுக்குக்காட்டிக் கூடத்தில், பிறருடைய ஆய்வுகளுக்குப் படம் எடுக்கவும் அளக்கவும் உதவும் பணியில் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களை மட்டுமே உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். மருந்துக் கம்பனிகளில் வேலை செய்ததில்லையாதலால் அங்குள்ள சம்பளம், பதவி உயர்வு பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'இமேஜிங்' என்ற சொல்லைக் கேட்டால் ஊரில் பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரேயும் சீ.டி. ஸ்கேனும்தான் நினைவுக்கு வரும். ரேடியோகிராபர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஆகிய இரண்டும் நல்ல தொழில்கள். பயிற்சியிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் பாதை அவற்றில் தெளிவாக இருக்கிறது. உங்கள் மகள் சொல்வது அதுவன்று. ஒரு நோயாளிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பதற்காக அல்லாமல், ஒரு கலம் எப்படி இயங்குகிறது என்று அறிவதற்காகவே அதைப் பார்ப்பது அவர் சொல்லும் வேலை. இரண்டில் எதை விரும்புகிறார் என்பதை அவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து, மூன்றாம் ஆண்டில் மனம் சோர்ந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாதாரண விலங்குக் கலம் 10 முதல் 20 மைக்ரோமீற்றர் அகலமானது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் 50 முதல் 100 கலங்களை வரிசையாக அடுக்கிவிடலாம். அந்தக் கலத்துக்குள் இருந்து அதற்குச் சக்தி தரும் இழைமணியின் அகலம் ஏறத்தாழ அரை மைக்ரோமீற்றர். கலத்துக்கு வடிவம் கொடுத்து, உள்ளே பொருள்கள் பயணிக்கும் தண்டவாளம் போலவும் இருக்கும் நுண்புன்குழாயின் விட்டமோ 25 நனோமீற்றர்தான். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. எவ்வளவு சிறந்த வில்லையைக் கடைந்தாலும் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1873 இல் ஜேர்மனியின் ஜேனா நகரில் ஏர்ன்ஸ்ட் அபே என்ற பௌதிகவியலாளர் காட்டினார். பச்சை ஒளியின் அலைநீளத்தை 520 நனோமீற்றர் என்று கொண்டு, எண்ணெய்த் துளியோடு பயன்படுத்தும் உயர்தர வில்லைக்கு அவருடைய கணக்கைப் போட்டால் விடை 186 நனோமீற்றர் அளவில் வரும். அதைவிட நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகள் ஒரே புள்ளியாகவே தெரியும். கல்லடிப் பாலத்தில் இரவில் நின்று வாவியின் தொலைவில் நிற்கும் தோணியைப் பார்த்தால் அருகருகே எரியும் இரண்டு விளக்குகள் ஒன்றாகத்தான் தெரிகின்றன. அதைப் படமெடுத்து எவ்வளவு பெருப்பித்தாலும் ஒரு பெரிய வெளிச்சப் பொட்டுக் கிடைக்குமேயொழிய இரண்டு விளக்குகள் கிடைப்பதில்லை. உருப்பெருக்கத்துக்கும் பிரிவலுவுக்கும் உள்ள வேறுபாடு என்று உயர்தரத்தில் உங்கள் மகள் மனனம் செய்தது இதைத்தான்.

இரண்டாவது சிக்கல், கலம் கண்ணாடி போலத் தெளிந்தது என்பது. உள்ளே பல்லாயிரம் வகைப் புரதங்கள் இருந்தும் ஒன்றையும் தனித்துக் காண முடியாது. இதற்குக் கடலிலிருந்து ஒரு வழி கிடைத்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆயிரக்கணக்கான ஜெலிமீன்களைப் பிடித்து, அவை ஏன் ஒளிர்கின்றன என்று ஆராய்ந்த ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா, 1962 இல் அவற்றிலிருந்து பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்ததைப் பதிவுசெய்தார். 238 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம் அது. அதன் பரம்பரையலகை, அதாவது ஜீனை, வேறொரு புரதத்தின் பரம்பரையலகோடு இணைத்துவிட்டால், கலம் அந்தப் புரதத்தைத் தயாரிக்கும்போதே கையில் ஒரு விளக்கையும் கொடுத்து அனுப்பிவிடும். கலத்தைக் கொல்லாமல், வெட்டாமல், சாயத்தில் அமிழ்த்தாமல், உயிரோடு இருக்கும்போதே ஒரே ஒரு புரதத்தைப் பின்தொடரலாம். மார்ட்டின் சல்ஃபி 1994 இல் இதை ஒரு சிறு புழுவில் செய்து காட்டினார். ரொஜர் சியென் அதற்குப் பல நிறங்களைத் தந்தார். மூவருக்கும் 2008 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

உயிருள்ள கலம் ஒன்று பிரிவதை நான் முதன்முதலில் பார்த்த இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. இருட்டறை, கலங்கள் உயிர்வாழ 37 பாகை வெப்பமும் 5 சதவீதக் காபனீரொட்சைட்டும் கொண்ட சிறு கண்ணாடிக் கூடு, வில்லையின் மேல் ஒரு துளி எண்ணெய். பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் நடுக்கோட்டில் வந்து அடுக்கின. ஒன்றே ஒன்று மட்டும் வரிசைக்கு வராமல் ஓரத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது. மற்றவை எல்லாம் பிரியாமல் காத்து நின்றன. அந்த ஒன்று வந்து சேர்ந்த பின்பே அத்தனையும் ஒரே கணத்தில் இருபுறமும் பிரிந்தன. இழையுருப்பிரிவின் அவத்தைகளைப் பள்ளிக்கூடத்தில் நான்கு வட்டங்களாக வரைந்து புள்ளி வாங்கியவன் நான். அந்த வட்டங்களுக்கு இடையில் ஒரு காத்திருப்பு இருக்கிறது என்பதும், எல்லா நிறமூர்த்தங்களும் சரியாகப் பிணைக்கப்பட்டனவா என்று கலமே சரிபார்க்கிறது என்பதும், அந்தச் சரிபார்ப்புத் தவறினால் நிறமூர்த்த எண்ணிக்கை குழம்பிய கலங்கள் உண்டாகின்றன என்பதும், அவற்றைப் புற்றுநோய்க் கட்டிகளில் நிறையக் காணலாம் என்பதும் அன்றிலிருந்துதான் எனக்கு வெறும் பாடமாக இல்லாமற்போயிற்று.

ஆனால் இந்த வேலையின் பெரும்பகுதி இருட்டறையில் நடப்பதில்லை. ஒரு நவீன கமரா எடுக்கும் ஒற்றைப் படம் ஏறத்தாழ 8 மெகாபைற்று; விநாடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரம் எடுத்தால் 30 கிகாபைற்றுச் சேர்ந்துவிடும். ஒரு நாள் எடுத்த படத்தை மூன்று வாரம் இருந்து எண்ண வேண்டியிருக்கும்: எத்தனை கலங்கள், எத்தனை புள்ளிகள், எந்த வேகம், எந்தத் திசை, இந்த வேறுபாடு உண்மையானதா தற்செயலா. அதற்கு முன்னால் கலங்களை வளர்ப்பதும், கிருமி புகாமல் காப்பதும், புகுந்துவிட்டால் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதும் இருக்கின்றன. பார்க்கும் நேரம் கொஞ்சம். ஆயத்தம் செய்யும் நேரமும் அளக்கும் நேரமும்தான் அதிகம்.

இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு என்னுடைய தவறு ஒன்றைக் கொண்டே பதில் சொல்கிறேன். கலாநிதி ஆய்வின் முதலாண்டில் இரண்டு புரதங்கள் கலத்துக்குள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன என்று நிறுவ முயன்றேன். ஒன்றுக்குப் பச்சைச் சாயம், மற்றதற்குச் சிவப்பு. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது எல்லாப் புள்ளிகளும் மஞ்சளாக மாறின. நான்கு மாதங்கள் அந்த மஞ்சளை நம்பியே அடுத்தடுத்த பரிசோதனைகளைத் திட்டமிட்டேன். ஒருநாள் என் மேற்பார்வையாளர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பச்சை மட்டும் இட்ட மாதிரியைச் சிவப்பு வழியில் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அன்று மாலையே பார்த்தேன். சிவப்புச் சாயத்தின் ஒரு துளிகூட இல்லாத மாதிரியில், சிவப்புப் படத்தில், அதே புள்ளிகள் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. பச்சைச் சாயத்தின் ஒளியில் ஒரு சிறு பங்கு நீண்ட அலைநீளங்களுக்கும் நீள்கிறது. அதைத்தான் நான் இரண்டாவது புரதம் என்று எண்ணியிருந்தேன். வேறு சாயம் தெரிந்தெடுத்து, இரண்டு நிறங்களையும் தனித்தனியே படமெடுத்துத் திரும்ப அளந்தபோது, முன்பு கண்ட ஒற்றுமையில் மூன்றிலொரு பங்குகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது உண்மையாக இருந்தது. பிறகு வந்த என் ஆய்வேடு முழுவதும் அந்தச் சிறு பங்கின் மேல்தான் நின்றது.

ஆகவே, கண்ணால் கண்டதை நம்பாமல், அது பொய்யாக இருக்கக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருவதே இந்தத் துறையில் ஆராய்ச்சி. 25 நனோமீற்றர் நுண்புன்குழாய் சாதாரண ஒளிர்வுப் படத்தில் 200 நனோமீற்றருக்கும் மேல் தடித்துத் தெரியும். அது குழாயின் தடிப்பன்று, ஒளியின் எல்லை. விளக்குப் பொருத்திய புரதம், அந்த விளக்கின் பாரத்தாலேயே தன் வழக்கமான இடத்துக்குப் போகாமல் நின்றுவிடலாம். படமெடுக்கப் பாய்ச்சும் ஒளியே கலத்தை நோகச் செய்து, அது பிரிவதை நிறுத்திவிடலாம். அப்போது நாம் பார்ப்பது கலத்தின் இயல்பை அன்று, கலம் படும் துன்பத்தை. இவையெல்லாம் ஐயமின்றித் தெரிந்த பொறிகள்; அறியாமல் விழுவோரும் உண்டு, அறிந்தே படத்தைத் திருத்துவோரும் உண்டு. எலிசபெத் பிக் என்பவரும் அவருடன் சேர்ந்த இருவரும் 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்து 2016 இல் வெளியிட்ட முடிவின்படி, 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஐயத்துக்குரிய வகையில் ஒரே படம் திரும்ப வந்திருந்தது. உங்கள் மகள் இயல்பிலேயே 'இது உண்மைதானா' என்று இரண்டாம் முறை கேட்கும் பிள்ளையாக இருந்தால் இந்தத் துறை அவருக்குப் பொருந்தும். அழகான படங்களில் மட்டும் மனம் சென்றிருந்தால், அந்த ஆசை முதலாண்டிலேயே தேய்ந்துவிடும்.

இனி, இதில் ஒரு வாழ்நாள் எப்படிக் கழிகிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் யோஷினோரி ஓசுமி. 1945 இல் ஜப்பானின் ஃபுக்குவோக்காவில் பிறந்தவர். தோக்கியோவில் படித்து, நியூயோர்க்கில் சில ஆண்டுகள் ஆய்வு செய்து, ஊர் திரும்பி, தமக்கென ஓர் ஆய்வுகூடத்தை 1988 இல் தொடங்கியபோது அவருக்கு வயது 43. எடுத்துக்கொண்ட உயிரி மதுவம், பாணைப் பொங்கச் செய்கிற அதே ஈஸ்ட். மதுவக் கலத்துக்குள் இருக்கும் புன்வெற்றிடம் என்ற பையைப் பலரும் குப்பைக்கிடங்கு என்று விட்டுவிட்ட காலம் அது. கலம் பட்டினி கிடக்கும்போது தன் உறுப்புகளையே உடைத்து உண்கிறது என்ற எண்ணம் இருந்தது. மதுவத்தில் அதைக் காண முடியுமா என்பது கேள்வி. ஓசுமி ஒரு சுருக்கமான தந்திரம் செய்தார். அந்தப் பைக்குள் பொருள்களைச் செரிக்கும் நொதியங்கள் இல்லாத விகாரிக் கலங்களை (பரம்பரையலகு மாறிய கலங்களை) எடுத்துப் பட்டினி போட்டார். செரிப்பது நின்றதால், உள்ளே வந்தவை கரையாமல் குவிந்தன. சில மணி நேரத்துக்குள் அந்தப் பை துடிக்கும் சிறு உருண்டைகளால் நிறைந்திருந்ததைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியிலேயே கண்டார். இந்த அவதானத்தை 1992 இல் வெளியிட்டார். பின்னர் ஆயிரக்கணக்கான விகாரிகளை ஒவ்வொன்றாகத் தேடி, இந்தத் தன்னுண்ணலுக்குத் தேவையான 15 பரம்பரையலகுகளை அவருடைய குழு இனங்கண்டது. நோபல் பரிசு 2016 இல், 71 ஆவது வயதில், அவர் ஒருவருக்கே கிடைத்தது. பரிசுக்காக இதைச் சொல்லவில்லை. மலிவான உயிரி, எளிய கருவி, கூர்மையான கேள்வி என்ற மூன்றும் சேர்ந்தால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மட்டக்களப்பில் ஆய்வுகூடம் வைக்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது ஓசுமியின் கதையைத்தான்.

பாதை நேராக இருக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்கரான ஜெனிபர் லிப்பின்கொட்-ஷ்வார்ட்ஸ், ஆய்வுக்கு வருமுன் கென்யாவில் பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பித்தவர். கலத்துக்குள் புரதங்களைப் பொதிசெய்து அனுப்பும் கொல்கி உபகரணம் ஒரு நிலையான கட்டடம் அன்று, புரதங்கள் உருவாகும் அகமுதலுருச் சிறுவலையிலிருந்து இடைவிடாது வந்துபோகும் பொருள்களால் நிலைபெறுவது என்பதைக் காட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு ஒளிக் கதிரால் விரும்பியபோது ஏற்றிவைக்கக்கூடிய பச்சைப் புரதத்தை அவருடைய ஆய்வுகூடம் 2002 இல் வெளியிட்டது. அதைப் படித்த எரிக் பெட்சிக் அப்போது ஆய்வுத்துறையை விட்டு விலகி, தம் தந்தையின் இயந்திரக் கம்பனியில் வேலை செய்து, அதையும் விட்டுவிட்டிருந்தவர். எல்லா விளக்குகளையும் ஒரே நேரத்தில் ஏற்றாமல் சிலவற்றை மட்டும் ஏற்றி, ஒவ்வொன்றின் மையத்தையும் குறித்து, அணைத்து, அடுத்தவற்றை ஏற்றினால் அபேயின் எல்லையைக் கடந்துவிடலாம் என்று கண்டார். மேலே சொன்ன தோணி விளக்குகளில் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதன் இடத்தைக் குறிப்பது போன்றதே இது. நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் அந்தக் கருவியைக் கட்டினார்கள். லிப்பின்கொட்-ஷ்வார்ட்ஸின் ஆய்வுகூடத்தில் அதைக் கொண்டுபோய்க் கலங்களைப் படமெடுத்தார்கள். 2006 இல் வெளியிட்டார்கள். பெட்சிக் 2014 இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். ஜெலிமீனின் பச்சைப் புரதத்துக்குரிய பரம்பரையலகை முதலில் பிரித்தெடுத்துப் படியெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். 1992 இல் அதை வெளியிட்டார். ஆய்வைத் தொடர நிதி கிடைக்கவில்லை. கையிலிருந்த பரம்பரையலகைக் கேட்டவர்களுக்கு மனமுவந்து அனுப்பிவைத்தார். அவர்களுள் சல்ஃபியும் சியெனும் இருந்தார்கள். 2008 இல் அவர்களுக்குப் பரிசு அறிவிக்கப்பட்டபோது பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றியிறக்கும் வாகனத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு விழாவுக்கு அவரை அவர்கள் தங்கள் செலவில் அழைத்தார்கள். பின்னர் சியெனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து மீண்டும் விஞ்ஞானத்துக்கு வந்தார். திறமை குறைவால் அவர் விழவில்லை. நிதி என்பது திறமையை மட்டும் பார்த்து வருவதில்லை. இந்தத் தொழிலில் அது நிரந்தரமான ஆபத்து.

இனி மட்டக்களப்பிலிருந்து உள்ள வழி. நிச்சயமாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். உயிரியல் விஞ்ஞானத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் தேவை. மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தோடு நின்றுவிட்டால் மேற்படிப்புக்குப் போவது கடினமாகும். கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம், பேராதனை, கொழும்பு என்று எங்கே இடம் கிடைத்தாலும் தொடங்கலாம். எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட, இறுதியாண்டு ஆய்வை யாரிடம், எவ்வளவு நேர்மையாகச் செய்தார் என்பதே பிறகு எடைபோடப்படும். அதன்பின் கலாநிதிப் பட்டம். ஜேர்மனியில் அது மூன்று நான்கு ஆண்டுகள். அமெரிக்காவில் ஐந்து ஆறு. இங்கே பெற்றோர் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: விஞ்ஞானத் துறைகளில் நல்ல கலாநிதி இடங்களில் மாணவர் பணம் கட்டுவதில்லை, மாதந்தோறும் உதவித்தொகையோ சம்பளமோ பெறுகிறார். ஆகவே காணியை ஈடுவைத்து அனுப்பச் சொல்லும் முகவரிடம் போகாதீர்கள். பட்டம் பெற்ற பின்னும் 'போஸ்ட்டொக்' எனப்படும் தற்காலிக ஆய்வுப் பணிகளில் சில ஆண்டுகள் கழியும். கணக்குப் பார்த்தால், நிரந்தரமான வேலை என்று ஒன்றில் அமரும்போது வயது முப்பதின் நடுப்பகுதியைத் தொட்டுவிடும். கலாநிதிப் பட்டம் பெறுவோரின் தொகையைவிட நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் மிகக் குறைவு. இது எல்லா நாடுகளிலும் உள்ள நிலை. ஆனால் பேராசிரியர் பதவி மட்டுமே முடிவு என்பதும் சரியன்று. நான் இருந்ததைப் போன்ற பொது நுணுக்குக்காட்டிக் கூடங்களுக்கும், படங்களைக் கணினியில் அளக்கும் பணிக்கும் தேர்ந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அவை மதிப்பான வேலைகள்.

இந்த நீண்ட காலத்தைக் குடும்பம் தாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் என் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னும் படிச்சு முடியலையா மனே?" அம்மா அதில் குறையேதும் வைத்துக் கேட்கவில்லை, ஆயினும் பரிசோதனை தோற்ற நாள்களில் அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. பெண்பிள்ளைக்கு அது கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. திருமணப் பேச்சாகவும், ஊராரின் கணக்காகவும் வரும். நீங்கள் சம்மதிப்பதானால் பத்து ஆண்டுகளுக்கும் சேர்த்தே சம்மதியுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இனி. அவர் திரும்பி வந்து இங்கேயே இந்த ஆய்வைச் செய்ய முடியுமா? லேசர் ஒளியால் கலத்தை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் உயர்தரக் கொன்போக்கல் நுணுக்குக்காட்டி ஒன்றின் விலை பல கோடி ரூபாய்; வாங்கினாலும் பராமரிப்பு ஒப்பந்தம், குளிரூட்டல், தடையற்ற மின்சாரம் என்று செலவு தொடரும். எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரம் வில்லைகளுக்கு எமன். திரும்பி வந்த புதிதில் ஒரு பாடசாலையின் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். ஏழு நுணுக்குக்காட்டிகளில் ஐந்தின் வில்லைகளில் பூஞ்சணம் சிலந்திவலை போலப் படர்ந்து கிடந்தது. காற்றுப்புகாத பெட்டியும், நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல்லும் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும். கருவி இல்லாமையைவிடப் பேணும் வழக்கம் இல்லாமையே எங்கள் பெரிய குறை என்பது என் கருத்து. மற்றவர்கள் உடன்படாமலும் இருக்கலாம். அதேவேளை, இன்று படங்களை எடுப்பவர் ஒருவரும் அளப்பவர் இன்னொருவருமாக இருக்க முடியும். ஐரோப்பாவில் எடுக்கப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டிருக்கும் கலப் படங்களை நான் இப்போது இங்கிருந்தபடியே இறக்கி, என் மாணவர்களுடன் அளக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் இது எனக்குத் தோன்றியிராத வேலை.

செயற்கை நுண்ணறிவு வந்தால் இந்த வேலை இருக்குமா என்று கேள்வியின் இறுதியில் ஒரு வரி இருந்தது. கலத்தின் எல்லையை வரைவது, புள்ளிகளை எண்ணுவது ஆகியவற்றைக் கணினி இப்போதே எங்களைவிட விரைவாகச் செய்கிறது. அந்த வேலையை மட்டும் நம்பி ஒருவர் இத்துறைக்கு வரக்கூடாது. மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தரும் மென்பொருள்களோ, இல்லாத ஒன்றை அழகாக வரைந்தும் தந்துவிடக்கூடும். பச்சை மட்டும் இட்ட மாதிரியைப் பார்த்தீர்களா என்று கேட்கும் ஆளுக்கு அதனால் தேவை கூடும் என்றே நினைக்கிறேன். இது என் கணிப்பு.

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு இடையில் உங்கள் மகளுக்குப் பல மாதங்கள் இருக்கும். ஆங்கிலத்தை அந்த மாதங்களில் பிடித்துக்கொள்ளட்டும். தமிழில் படித்துவிட்டு வந்தாறுமூலையில் முதல் விரிவுரையைக் கேட்டு நான் திகைத்ததுபோல அவர் திகைக்க வேண்டியதில்லை. அதற்காகத் தமிழில் கற்றதைக் குறையாக எண்ணவும் வேண்டாம். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், விஞ்ஞானத்துக்குத் தமிழில் கலைச்சொல் ஆக்கும் பணியில் முன்னின்றவர். பௌதிகவியலில் ஒளியியலையும், கணிதத்தில் புள்ளிவிபரத்தையும் மறக்காமல் வைத்திருக்கட்டும். ஃபீஜி (Fiji) என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். உலகின் பல கலவியல் ஆய்வுகூடங்களில் படங்களை அளப்பது அதில்தான், சாதாரண மடிக்கணினியே போதும். படித்த பாடசாலையில் அதிபரிடம் அனுமதி கேட்டு, நல்ல நிலையில் உள்ள நுணுக்குக்காட்டி ஒன்றில் வாரம் ஒரு நாள் உட்காரட்டும். வெங்காயத் தோல், வாவித் தண்ணீர் ஒரு துளி, சீனித் தண்ணீரில் ஊறிய ஈஸ்ட் இவற்றைப் பார்க்கலாம். கைப்பேசியைக் கண்வில்லையின் மேல் வைத்துப் படமெடுத்து, ஃபீஜியில் ஐம்பது மதுவக் கலங்களின் விட்டத்தை அளந்து, சராசரியை எழுதி, அடுத்த வாரம் அதே கலவையைத் திரும்பச் செய்து, இரண்டு சராசரிகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று காரணம் தேடட்டும். அந்தக் கொப்பியோடு ஒருநாள் வந்தால் அவருடன் உட்கார்ந்து பார்க்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் உண்மையான நீளத்தைக் காட்டும் அளவுக்கோடு போட்டிருக்க வேண்டும், திகதியும் எழுதியிருக்க வேண்டும்.